சுரைக்கொடி நிழலும் அடுத்த வீட்டு ஆடும்



குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் புறப்படும் நாளில் நம் இல்லங்களிலிருந்து இரண்டு அமானிதங்கள் அடுத்த வீட்டுக்குச் செல்கின்றன. ஒன்று வீட்டின் சாவி. மற்றொன்று வாயில்லா உயிர். சாவியைப் பெற்றுக்கொண்டவர் அதை ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். ஆட்டைப் பெற்றுக்கொண்டவர் அவ்வாறு உறங்க இயலாது. அதற்கு நாள்தோறும் தழை வேண்டும், தண்ணீர் வேண்டும், மழை பெய்தால் கூரை வேண்டும், தெருநாய் நுழைந்தால் தடியோடு எழுந்து வர ஓர் ஆள் வேண்டும். சாவி பசிக்கிறது என்று கத்துவதில்லை. ஆடு கத்தும். பூனையோ கத்தக்கூட மாட்டாது. கதவருகே வந்து அமர்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் இஃது அன்றாடம் காணும் காட்சியாகும். 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினவே தவிர மக்களின் வாழ்க்கை முறை மாறிவிடவில்லை. மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும். கொல்லைப்புறத்தில் நான்கு வெள்ளாடுகள். வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டிலும், வி.களத்தூரிலும், வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்ற ஆண்மக்களின் இல்லங்கள் ஏராளம். குடும்பத்தார் விடுமுறையில் அங்கே செல்லும்போதும், உம்ராவுக்குப் புறப்படும்போதும், மகளின் பேறுகாலத்திற்காகப் பட்டணம் போகும்போதும் ஆடும் கோழியும் பூனையும் தெருவில் ஒருவருடைய பொறுப்பில் விடப்படுகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளைக்கென முன்கூட்டியே வாங்கிய குர்பானி ஆடும் இடமில்லாத வீட்டிலிருந்து இடமுள்ள வீட்டுக்கு நடந்து செல்கிறது. சிலர் இதனை அண்டை வீட்டு உரிமையாகச் செய்கின்றனர். சிலர் மாதக் கூலிக்குச் செய்கின்றனர். அந்தக் கூலியில்தான் சில வீடுகளின் அரிசிப் பானை நிறைகிறது.

இப்பொறுப்பை ஏற்று நடத்தும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். அவருடைய கொட்டிலில் மூன்று வீட்டு ஆடுகள். திண்ணையில் இரண்டு வீட்டுப் பூனைகள். திடீரென ஒரு நாள் வயிற்றில் அறுவை சிகிச்சை என்றார்கள். ஆடுகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து சென்றன. இரண்டு மாதங்கள் கட்டிலில் கழிந்தன. இப்போது எழுந்து நடமாடுகிறார். காலியான கொட்டிலைப் பார்க்கிறார். மீண்டும் அப்பணிக்குத் திரும்ப உள்ளம் துடிக்கிறது. உடலோ இன்னும் முழுமையாக இணங்கவில்லை.

இந்நிலையில் அவர் செவியில் இரண்டு குரல்கள் விழுகின்றன. "இந்த வயசுல இனி உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பேசாம உட்காந்து ஓதுங்க" என்று பிள்ளைகள் கூறுகின்றனர். "எப்போ பெரியம்மா ஆட்டைக் கொண்டாந்து விடட்டும்? அடுத்த வாரம் ஊருக்குப் போறோம்" என்று அண்டை வீட்டார் கேட்கின்றனர். முடியாது என்று சொன்னால் அந்த ஆடுகள் வேறொருவரிடம் சென்றுவிடும்; பிறகு திரும்பி வாரா. முடியும் என்று சொன்னால் உடல் தாங்குமா என்பது தெரியாது. எனவே அவர் வலியை மறைத்துக்கொண்டு 'முடியும்' என்று சொல்லிவிடுகிறார். இம்மறைப்பில்தான் ஆபத்து தொடங்குகிறது. அவருக்கும் ஆபத்து, அந்த வாயில்லா உயிர்களுக்கும் ஆபத்து.

இதற்கு நம் மார்க்கம் என்ன வழி காட்டுகிறது? ஆடு மேய்ப்பதைப் பற்றியும், நோயிலிருந்து மீள்வதைப் பற்றியும், பிறர் பொருளைக் காப்பதைப் பற்றியும் நம் மார்க்கம் பேசியிருப்பது கொஞ்சமன்று.

வலிமையும் நம்பிக்கையும்

முதலில் ஒரு செய்தியை உள்ளத்தில் பதித்துக்கொள்வோம். அடுத்தவர் ஆட்டைப் பார்த்துக்கொள்வது இழிவான தொழிலன்று. அல்லாஹ் அனுப்பிய நபிமார்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தாங்களுமா என்று தோழர்கள் வினவியபோது, ஆம், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்காகத் தாமும் மேய்த்ததாகக் கூறினார்கள். இச்செய்தி புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. கவனியுங்கள்! அவை அண்ணலாருடைய சொந்த ஆடுகள் அல்ல, பிறருடைய ஆடுகள். அகிலத்திற்கு அருட்கொடையாக வந்தவர்கள் பிறர் வீட்டு ஆடுகளைக் கூலிக்குக் காத்திருக்கிறார்கள் என்றால், அப்பணியைச் செய்யும் நம் தெருத் தாய் தலைகுனிய வேண்டுவதில்லை.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். மிஸ்ரை விட்டு வெளியேறி, களைத்துப் பசித்து மத்யன் நகரின் நீர்த்துறையை அடைந்தார்கள். ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு நிழலில் ஒதுங்கித் தம் தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம் இவரைப் பணிக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளை எடுத்துக் கூறினார்: ஒன்று, வலிமை, மற்றொன்று, நம்பிக்கைக்குரிய தன்மை. சூரத்துல் கஸஸின் 26-ஆம் வசனம் இதனை எடுத்துரைக்கிறது.

நாம் இன்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பணிக்கு இரண்டு கால்கள் உள்ளன. நோய் வரும்போது அவற்றுள் ஒன்றாகிய வலிமை தளர்ந்துவிடுகிறது. மற்றொன்றாகிய நம்பிக்கைக்குரிய தன்மை தளர்வதில்லை, தளரவும் கூடாது. வலிமை குறைந்த நேரத்தில் அந்த நம்பிக்கை செய்ய வேண்டிய வேலை என்ன? உள்ளதை உள்ளவாறு உரைப்பதுதான். 'என்னால் இவ்வளவு முடியும். இவ்வளவு முடியாது' என்று சொல்வது பலவீனத்தின் அடையாளமன்று. அமானிதத்தின் முதல் கடமையே அதுதான்.

மின்ஹாஜ் கூறும் தெளிவு

ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல், மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூல், ஷாஃபிஈ மத்ஹபின் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. அதில் அமானிதப் பொருளைப் பற்றிய பாடம் ஒன்றுண்டு. அதனை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம், நம் தெருவின் கொட்டில்களைப் பார்த்து எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

அமானிதத்தைப் பாதுகாக்கும் ஆற்றல் இல்லாதவர் அதனை ஏற்றுக்கொள்வது ஹராம். ஆற்றல் உண்டு, ஆனால் தம் நேர்மையின்மீது தமக்கே உறுதியில்லை என்றால் அது மக்ரூஹ். ஆற்றலும் உண்டு, நேர்மையில் உறுதியும் உண்டு என்றால் ஏற்றுக்கொள்வது விரும்பத்தக்கது. இவ்வாறு மூன்று படிகளாக அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. நோயிலிருந்து எழுந்தவர் தம்மைத் தாமே நிறுத்துப் பார்க்க இதைவிடச் சரியான தராசு உண்டோ? நல்ல மனம் மட்டும் போதாது, ஆற்றலும் வேண்டும். ஆற்றல் திரும்பிய பின்னர், வெறும் அச்சத்தினால் ஒதுங்கி நிற்பதும் நன்மையை இழப்பதே.

அமானிதம் கையில் இருக்கும்போதே கடுமையான நோய் கண்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் அப்பாடத்தில் விடையுண்டு. உரியவரிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அது கூடவில்லையெனில் நீதிபதியிடமோ, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ ஒப்படைக்க வேண்டும். அல்லது இன்னாருடைய பொருள் இன்ன இடத்தில் உள்ளது என்று வஸிய்யத் செய்ய வேண்டும். ஒன்றும் செய்யாமல் படுத்துவிட்டால் இழப்புக்கு அவரே பொறுப்பாளி. மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்திலும், 'கொட்டிலில் இருக்கும் கறுப்பு ஆடு இன்னார் வீட்டுடையது. அதற்குத் தண்ணீர் வைக்கவும்' என்று ஒரு வார்த்தை சொல்லிச் செல்வது மார்க்கக் கடமையாகிறது.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா? உரியவரின் அனுமதியின்றி, தக்க காரணமுமின்றி அமானிதத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவது கூடாது. ஆனால் தம் மேற்பார்வையை விடாமல் பிறர் உதவியைப் பெறுவது ஆகும். கால்நடையைத் தண்ணீர் காட்ட வேறொருவருடன் அனுப்பினாலும் அவர்மீது குற்றமில்லை என்பதே ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே, குடம் தூக்க இயலாத தாய், பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு தண்ணீர் வைக்கச் சொல்லித் தாம் திண்ணையில் அமர்ந்து கண்காணித்தால், அப்பணியை அவரே செய்ததாகக் கொள்ளலாம். கூலிக்குப் பார்ப்பவருக்குக் கூலி உடன்படிக்கையின் சட்டங்களும் வந்து சேரும். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் நுணுக்கங்களைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

முதலில் நிழல், பின்னர் பணி

இனி, நோயுற்றவரின் அவசரத்திற்கு வருவோம். எழுந்து நின்ற மறுநாளே எல்லாம் பழையபடி நடக்க வேண்டும் என்று உள்ளம் பதறுகிறது. யூனுஸ் (அலை) அவர்களை அல்லாஹ் எவ்வாறு நடத்தினான் என்பதைப் பாருங்கள். மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு, நோயுற்ற உடலுடன் வெட்டவெளியில் கிடந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு மேலாக ஒரு சுரைக்கொடியை முளைக்கச் செய்தான். அதன் பின்னரே ஒரு லட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட மக்களிடம் தூதராக அனுப்பினான். சூரத்துஸ் ஸாஃப்ஃபாத்தின் 145 முதல் 147 வரையுள்ள வசனங்கள் இதே வரிசையில் அமைந்துள்ளன. அல்லாஹ் நாடியிருந்தால் கரை சேர்ந்த கணமே அவர்களை வலிமையுடன் நிறுத்தியிருக்க இயலாதா? ஆயினும் நோய்க்கும் பணிக்கும் இடையில் ஒரு நிழலை வைத்தான். அகன்ற இலைகளையுடைய அக்கொடி, நொந்த உடலுக்குக் குளிர்ச்சியான நிழலாயிற்று.

நோயிலிருந்து மீள்பவர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய சுரைக்கொடிக் காலம் ஒன்று உண்டு. அதனைச் சோம்பல் என்று எண்ணி வெட்டிவிடலாகாது. அதே வேளையில் கொடியின் நிழலிலேயே வாழ்நாளைக் கழிக்குமாறும் அவர்கள் பணிக்கப்படவில்லை. நிழலுக்கும் காலம் உண்டு. பணிக்கும் காலம் உண்டு.

ஓய்வெடுக்கும் நாளில் நன்மை குறைந்துவிடுமோ என்று அஞ்சும் நல்லுள்ளங்கள் உண்டு. ஓர் அடியார் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, அவர் உடல்நலத்துடன் ஊரில் இருந்தபோது செய்துவந்த அமலுக்குரிய நற்கூலி அவருக்கு எழுதப்படுகிறது என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் நபிமொழி வந்துள்ளது. அடுத்த வீட்டு ஆட்டுக்கு அல்லாஹ்வுக்காகத் தண்ணீர் வைத்து வந்தவர் கட்டிலில் கிடக்கும் நாளிலும் அந்நன்மையை இழப்பதில்லை. பின் ஏன் பதற்றம்?

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. வணக்கத்திலேயே தம்மை வருத்திக்கொண்ட அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் ஸல்மான் (ரலி) அவர்கள் இந்த உரிமைகளை எடுத்துரைத்தபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். இரவுத் தொழுகையிலேயே உடலின் உரிமையைப் பேண வேண்டுமென்றால், கொட்டில் வேலையில் அதனைப் பேண வேண்டாமா?

குடத்தின் கனம்

இனி நடைமுறைக்கு வருவோம். கோடை வெயிலில் ஒரு வெள்ளாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று கொள்வோம். ஐந்து ஆடுகளுக்கு 15 லிட்டர். அதாவது நிறைகுடம் ஒன்று. அதன் எடை 15 கிலோவுக்கு மேல். இதன்மேல் தழைக்கட்டு, புழுக்கை கூட்டுதல், கயிற்றை அவிழ்க்கும்போது ஆடு இழுக்கும் இழுப்பு! 'சும்மா ஆட்டைப் பார்த்துக்கொள்வதுதானே' என்று சொல்பவர் இக்கணக்கை அறிந்திலர்.

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் சுமார் 6 வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்கலாகாது என்று மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர். டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்கள் உடலில் அசதி நிற்கும். சிக்குன்குனியாவின் மூட்டுவலி சிலரைப் பல மாதங்கள் விடுவதில்லை. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள். இடையில் உடல் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. எனவே 'எப்போது பணிக்குத் திரும்பலாம்?' என்று மருத்துவரிடம் கேட்கும்போது, 'வீட்டு வேலை செய்யலாமா?' என்று பொதுவாகக் கேட்பது பயனில்லை. 'குடம் தூக்க வேண்டும், குனிந்து கூட்ட வேண்டும், ஆடு முட்டக்கூடும்' என்று வேலையின் தன்மையை விவரித்துக் கேட்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்கு ஆட்டுக் கொம்பின் சிறு குத்தும் அதிக இரத்தக் கசிவைத் தரக்கூடும். சர்க்கரை நோயுள்ளவர் வெறுங்காலுடன் கொட்டிலுக்குள் செல்லலாகாது. காலில் பட்ட முள் அவருக்குத் தெரியாமலேயே புண்ணாகிவிடும்.

நோயால் தளர்ந்த உடல் வேறு சில நோய்களுக்கும் எளிதில் இடம் கொடுக்கிறது. எலிகளின் சிறுநீரும் கால்நடைகளின் சிறுநீரும் கலந்த ஈரத் தரையிலிருந்து, தோலிலுள்ள புண் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஆடு கருவைக் கலைத்துப் போட்டால் அதனையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. காய்ச்சாத பாலைப் பருகலாகாது. புரூசெல்லோசிஸ் என்னும் நீண்ட காய்ச்சல் இவ்வழிகளில் வருகிறது. நாய் மட்டுமன்று, பூனை கடித்தாலோ கீறினாலோகூட அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். பூனையின் கழிவை அகற்றும் வேலையைக் கருவுற்ற பெண்களிடமும், எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களிடமும் ஒப்படைக்கலாகாது. செருப்பு, கையுறை, சோப்பு ஆகிய மூன்றும் கொட்டில் வாசலில் எப்போதும் இருக்கட்டும்.

திரும்புவதும் படிப்படியாக இருக்கட்டும். முதலில் ஒரு பூனையோ நான்கு கோழிகளோ போதும். அதுவும் இரண்டு மூன்று நாட்களுக்கு. உடல் தாங்கினால் ஓர் ஆடு, பின்னர் இரண்டு. குடத்துக்குப் பதிலாகச் சிறு வாளியில் நான்கு முறை தண்ணீர் எடுக்கலாம். மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லாமல், அகத்தியையும் கடலைக்கொடியையும் கொட்டிலிலேயே கட்டித் தொங்கவிடலாம். முட்டும் கிடாயையும் சினையாட்டையும் தொடக்கத்தில் ஏற்க வேண்டாம். இரவில் எழ நேர்ந்தால் துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்க.

உதவி பெறுவது இழிவன்று

அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் அருமைப் புதல்வி அஸ்மா (ரலி) அவர்கள், தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தாமே தீனி கொடுத்தார்கள்; தண்ணீர் காட்டினார்கள். தொலைவிலுள்ள நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து நடந்து வந்தார்கள். பிற்காலத்தில் தந்தையார் ஒரு பணியாளை அனுப்பிக் குதிரையின் பொறுப்பைக் குறைத்தபோது, தமக்கு விடுதலையே கிடைத்தது போலிருந்ததாக அவர்கள் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது.

வீரத்திலும் பொறுமையிலும் சிறந்த அப்பெண்மணியே, பாரம் குறைந்தது நிம்மதி என்று வாய்விட்டுக் கூறியிருக்கிறார்கள். ஆகவே நம் தாய்மார்களே, தழைக்கட்டைத் தூக்க மகனை அழைப்பதற்கு நாணாதீர்கள். தந்தைமார்களே, பிள்ளைகளே! அம்மா கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். 'இனி வேண்டாம்' என்று தடுப்பது எளிது. காலையில் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது சற்றுக் கடினம். தாய்க்கு வேண்டியது இரண்டாவதே.

அவருக்கு அந்த ஆடுகள் வெறும் வருமானம் மட்டுமல்ல. காலையில் எழுவதற்கு ஒரு காரணம். தம்மை எதிர்பார்த்து ஓர் உயிர் நிற்கிறது என்னும் நிறைவு. ஆட்டின் உரியவர் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்கும் உறவு. நோய் உடலைத் தாக்குகிறது. 'நீ இனி எதற்கும் ஆகமாட்டாய்' என்னும் சொல் உள்ளத்தைத் தாக்குகிறது. இரண்டாவது காயத்தை நாம் உண்டாக்கலாமா?

ஆட்டின் உரிமையாளர்களுக்கு

உயிரை ஒப்படைத்துச் செல்வோருக்கும் சில கடமைகள் உண்டு. மத்யன் நகரப் பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எட்டு ஆண்டுப் பணியைப் பேசினார். பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களின் விருப்பம் என்றார். தாம் அவர்களுக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். கஸஸ் அத்தியாயத்தின் 27-ஆம் வசனத்தில் இதனைக் காண்கிறோம். காலம் தெளிவாகப் பேசப்பட்டது. கட்டாயம் எது, விருப்பம் எது என்பது பிரிக்கப்பட்டது. சிரமம் தரக்கூடாது என்னும் எண்ணமும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. 'அடுத்த வாரம் வந்துவிடுவோம்' என்று சொல்லி இரண்டு மாதம் கழித்து வருபவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

தீனிக்கு உரியதைக் கொடுத்துச் செல்லுங்கள். தீனி கொடுக்கப்பட்டிருந்தால் அதிலிருந்தே ஊட்ட வேண்டும். கொடுக்கப்படாவிடில் உரியவரிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ திரும்பிக் கேட்க வேண்டும் என்பதும் மின்ஹாஜின் அப்பாடத்திலேயே உள்ளது. வெளிநாட்டிலுள்ளவரைத் தேடிப் பிடித்து, தவிட்டுக்குப் பணம் கேட்கும் சங்கடத்தை நோயிலிருந்து எழுந்த ஒருவருக்குத் தராதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்த பின்னரே ஒப்படையுங்கள். அவ்வாறு செய்தால் நீங்கள் இல்லாதபோது நோயுற்ற ஆட்டைத் தூக்கிக்கொண்டு அலையும் நிலை அவருக்குப் பெரும்பாலும் நேராது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க உதவும் 1962 என்னும் எண்ணை எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு உள்ளூரில் உங்கள் சார்பில் முடிவு செய்யும் ஓர் உறவினரின் பெயரையும் சொல்லிச் செல்லுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோயுற்று எழுந்தவரிடமிருந்து ஆடுகளைச் சொல்லாமல் பிரித்துக்கொண்டு போகாதீர்கள். இரக்கத்தினால் செய்தாலும் அது அவருக்கு இழிவாகத் தோன்றும். 'உடம்பு தேறி வரட்டும். ஒரு குட்டியை மட்டும் இப்போது பாருங்கள். மற்றவற்றைப் பிறகு கொண்டுவருகிறோம்' என்று சொல்லுங்கள். அச்சொல்லில் அவருடைய உடலின் உரிமையும், உங்கள் ஆட்டின் உரிமையும், அவருடைய தன்மானமும் ஒருங்கே காக்கப்படுகின்றன.

உயிர்களின் உரிமை

ஹிஜ்ரி 660-இல் மறைந்த மாமேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர்கள்மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைத் தம் நூலில் வரிசைப்படுத்தியுள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ இனிப் பயன் தராத நிலையை அடைந்தாலும் அதற்குச் செலவிட வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக்கூடாது. அதற்குத் தீங்கு செய்வதோடு சேர்த்து அடைக்கக்கூடாது. தங்குமிடத்தைச் செம்மையாக வைக்க வேண்டும். அதன் கண்ணெதிரே அதன் குட்டியை அறுக்கக்கூடாது. இப்பட்டியலை ஊன்றி நோக்குங்கள். நோயுற்றுப் பயன் குன்றிய ஒரு கால்நடைக்கே இவ்வளவு உரிமை என்றால், நோயுற்று எழுந்த மனிதருக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளான செய்தியை நாம் மிம்பர்களில் செவியுற்றிருக்கிறோம். அதிலுள்ள எச்சரிக்கை, தம்மால் கவனிக்க இயலாத உயிரைத் தம் பூட்டுக்குள் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும். இயலாது என்று தெரிந்த கணமே கதவைத் திறந்து உதவி கேட்பவர் அந்த எச்சரிக்கையிலிருந்து தப்புகிறார். வலியை மறைத்துக் கதவை மூடிக்கொள்பவர் தம்மையும் அவ்வுயிரையும் ஒருசேர அடைத்துக்கொள்கிறார். மறுபுறம், ஈரமான ஈரலையுடைய ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உபகாரத்தில் நற்கூலி உண்டு என்னும் நன்மாராயமும் நமக்கு இருக்கிறது. அந்நன்மைக்குப் பெரிய தோட்டம் வேண்டுவதில்லை. ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு கைப்பிடித் தழையும் போதும். நோயிலிருந்து மீள்பவரின் நடுங்கும் கைக்கும் அவ்வளவு இயலும்.

எனவே நோயிலிருந்து எழுந்து, மீண்டும் அடுத்த வீட்டு உயிர்களைக் காக்க விழையும் சகோதர சகோதரிகளே! 'என் உடல் இதைத் தாங்குமா?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'என் நிலை இதுதான், சம்மதமா?' என்று உரியவரிடம் கேளுங்கள். 'எனக்குத் துணை நிற்பாயா?' என்று வீட்டாரிடம் கேளுங்கள். மூவரும் ஆம் என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொட்டிலைக் கூட்டுங்கள். ஒருவர் இல்லை என்றாலும், சுரைக்கொடியின் நிழல் இன்னும் சில நாட்கள் உங்களுக்குத் தேவைப்படுகிறது என்று கொள்ளுங்கள்.

அய்யூப் (அலை) அவர்களின் நெடிய நோயை நீக்கி, அவர்கள் காலடியில் குளிர்ந்த நீரூற்றைப் பீறிடச் செய்த வல்ல நாயன், நம்மில் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! தளர்ந்த கைகளுக்கு வலிமையையும், வலிமையுள்ள கைகளுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! நம்மை நம்பி விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் உரிமையையும் நிறைவேற்றும் நன்மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.